மாதிரிக் கட்டுரையும் வாவிக்கரைப் பிள்ளையும்

"சொந்தமாக ஒரு வசனத்தைப் பிழையின்றி எழுத மாட்டாத பிள்ளைக்குக் கற்பனை எதற்கு? முதலில் இலக்கணம் வரட்டும்; ஆக்கத்தைப் பின்னர் பார்த்துக்கொள்ளலாம்."

ஆங்கிலக் கல்வி பற்றிய பேச்செழும்போதெல்லாம் எமது பாடசாலைகளின் ஆசிரியர் அறைகளில் ஒலிக்கும் கூற்று இது. கேட்பதற்கு நிதானமானதாகவும் அனுபவத்தின் பாற்பட்டதாகவும் தோன்றும். ஆயினும் இக்கூற்று எல்லாப் பிள்ளைகளையும் நோக்கிச் சொல்லப்படுவதில்லை என்பதை நண்பர்கள் கவனிக்க வேண்டும். தலைநகரின் சர்வதேச பாடசாலைகளில் இதனை எவரும் சொல்வதில்லை. அங்கே ஆறு வயதுக் குழந்தை தன் நாய்க்குட்டியைப் பற்றி எழுதிய, பிழை மலிந்த நான்கு வரிகள் வர்ணக் காகிதத்தில் ஒட்டப்பட்டுச் சுவரை அலங்கரிக்கின்றன. பெற்றோர் அழைக்கப்பட்டு அதனைக் கண்டு மகிழ்கின்றனர். கொக்கட்டிச்சோலையிலும் வெல்லாவெளியிலும் கரடியனாற்றிலும் உள்ள பிள்ளை மட்டுமே முதலில் இலக்கணத்தைக் கற்று முடித்துவிட்டுக் கற்பனைக்கு அனுமதி பெறவேண்டியிருக்கிறது. அந்த அனுமதி பதினொராம் தரம் வரை வருவதில்லை. அதற்குப் பின்னர் அப்பிள்ளை பாடசாலையிலேயே இருப்பதில்லை. ஆதலின், கல்வியியல் நியதி என்ற பெயரில் இங்கு வழங்குவது ஒரு வர்க்க நியதியே என்பது எனது வாதம்.

தமிழ் கற்பிப்பவனுக்கு ஆங்கில வகுப்பைப் பற்றிப் பேச என்ன உரிமை என்று சிலர் வினவக்கூடும். மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில், கற்பித்தோருக்கு இவ்வினா எழாது. எழுவான்கரையிலுள்ள நகரப் பாடசாலைகளில் ஆங்கில ஆசிரியர் ஒருவருக்கு மேல் ஒருவர் இருக்க, வாவியின் மறுகரையில் அந்தப் பாடவேளை தமிழாசிரியனிடமோ சமய ஆசிரியரிடமோ வந்து சேர்வது எங்கள் அன்றாட அனுபவம். முன்னர் இதற்குப் பாதைப் பயணமே காரணமாகக் கூறப்பட்டது. பாதைக்குக் காத்திருந்து, மாரியிற் காற்றும் மழையும் பார்த்து, வாவியைக் கடந்து எப்படி நேரத்துக்கு வருவது என்று கேட்டார்கள். 2014இல் மண்முனைத்துறையிற் பாலம் திறக்கப்பட்டது. பாலத்தின் மேல் நெல் லொறிகள் வருகின்றன, மணல் லொறிகள் போகின்றன. ஆங்கில ஆசிரியரை ஏற்றிக்கொண்டு வரும் வாகனத்தை மட்டும் இன்னும் அதிகமாகக் காணோம்.

அவ்வாறு என்னிடம் வந்து சேர்ந்த ஒரு பாடவேளையிலேதான் பத்தாந் தர மாணவரின் ஆங்கிலக் கட்டுரைக் கொப்பிகளைப் பார்க்க நேர்ந்தது. தலைப்பு "எனது தாய்". முப்பத்தொரு கொப்பிகள், முப்பத்தொன்றிலும் ஒரே தாய். அவள் காலையில் ஐந்து மணிக்கு எழும்புகிறாள், சுவையான உணவு சமைக்கிறாள், இல்லத்தரசியாக இருக்கிறாள், மாலையிற் பாடம் சொல்லிக் கொடுக்கிறாள். வினாவிடைப் புத்தகமொன்றிலிருந்து கரும்பலகைக்கு வந்து, கரும்பலகையிலிருந்து கொப்பிக்கு இறங்கிய தாய் அவள். அந்த வகுப்பின் உண்மையான தாய்மாரை நான் அறிவேன். சிலர் வயல்வட்டையில் நாட் கூலிக்குக் களை பிடுங்குகின்றனர். சிலர் வாவியில் இறால் பொறுக்குகின்றனர். எட்டுப் பேருடைய தாய்மார் குவைத்திலும் சவூதியிலும் கட்டாரிலும் அந்நியர் வீடுகளிற் சமைத்துக்கொண்டிருக்கின்றனர். அந்த எண்மரும் அம்மம்மாவிடம் வளர்கின்றனர். அவர்களுள் ஒருத்தி, தன் தாய் தினமும் தனக்குச் சுவையாகச் சமைத்துத் தருவதாக அழகிய எழுத்தில் எழுதியிருந்தாள். அதற்கு நல்ல புள்ளியும் கிடைத்திருந்தது.

உன் அம்மாவைப் பற்றி எழுதலாமே என்று கேட்டேன். அவள் சொன்ன மறுமொழி இது: "எங்கட அம்மா குவைத்தில சேர். அப்பிடி எழுதினாப் புள்ளி போடுவாங்களா?"

இந்த வினாவை எமது கல்வித்துறையினர் அனைவர் முன்னும் வைக்க விரும்புகிறேன். மூன்றாந் தரத்திலிருந்து பதினொராந் தரம் வரை ஒன்பது ஆண்டுகள் ஒரு மொழியைக் கற்பிக்கிறோம். 1980 முதல் அரசாங்கம் பாடநூலையும் இலவசமாகக் கொடுத்து வருகின்றது. அந்த ஒன்பது ஆண்டுகளின் முடிவில் ஒரு பிள்ளை அம்மொழியில் தன் தாயைப் பற்றி உண்மை கூறப் பயப்படுகிறதென்றால், நாம் கற்பித்தது மொழியையா, பொய்யையா? மொழி வராதது ஒருபுறமிருக்க, தன் வாழ்க்கை எழுதத் தகுந்ததன்று என்ற எண்ணம் பிள்ளைக்கு மிக நன்றாக வந்துவிட்டது. அதில் மட்டும் எமது பாடசாலைகள் நூறு வீதச் சித்தி பெற்றிருக்கின்றன.

இந்த நோய்க்கு ஒரு சரித்திரம் உண்டு. 1814இல் வில்லியம் ஓல்ட் என்னும் மெதடிஸ்த மிஷனரி மட்டக்களப்புக்கு வந்தார். ஓராண்டு நிறையுமுன்னரே அவர் இங்கு காலமாயினும், அவர் தொடக்கிவைத்த பள்ளிப் பணியிலிருந்தே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வயதைக் கணக்கிடுகின்றது. பின்னர் 1833இன் கோல்புறூக் சீர்திருத்தங்களை அடுத்து அரசாங்க உத்தியோகத்துக்கு ஆங்கிலமே வாயிலாயிற்று. அவ்வாயில் எங்கே கொண்டுபோய் விட்டது? கச்சேரிக்கு. போர்த்துக்கேயர் கட்டி ஒல்லாந்தர் கைப்பற்றிய கோட்டைக்குள்ளேதான் நெடுங்காலம் மட்டக்களப்புக் கச்சேரி இயங்கிற்று என்பது பொருத்தமானதே. அங்கிருந்த வெள்ளைத்துரைக்கு வேண்டியிருந்தவர் சிந்திக்கும் மனிதர் அல்லர். கடிதத்தை அழகாகப் பிரதி செய்யும் எழுதுவினைஞர். எழுத்தழகும் பிழையின்மையும் பணிவும் அவ்வுத்தியோகத்தின் இலட்சணங்கள். சொந்தக் கருத்து அவ்வுத்தியோகத்திற் பெருங் குற்றம். 1835இல் இந்தியாவுக்கு மெக்காலே எழுதிய குறிப்பைத் திட்டித் தீர்க்க எமக்கு நன்றாகத் தெரியும். அவர் வேண்டிய அதே பிரதி எழுத்தாளரை, வெள்ளையன் போய் முக்கால் நூற்றாண்டுக்கு மேலான பின்பும், எந்தத் துரையும் கேளாமலே நாம் பயிற்றிக்கொண்டிருக்கிறோம். பழைய பிள்ளைக்கு ஓர் உத்தியோகமாவது கிடைத்தது. இன்றைய பிள்ளைக்கு அதுவும் இல்லை.

அதே பள்ளிக்கூடங்களிலிருந்துதானே சுவாமி விபுலாநந்தர் வந்தார் என்று சிலர் கூறுவர். உண்மையே. 1892இற் காரைதீவிற் பிறந்த அவர் மெதடிஸ்தப் பள்ளியிலும் புனித மைக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலங் கற்றார். இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். ஆனால் அவர் அந்த ஆங்கிலத்தைக் கொண்டு என்ன செய்தார் என்பதே வினா. ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எடுத்துத் தமிழ் நாடக இலக்கணத்தோடு உராய்ந்து பார்த்து மதங்க சூளாமணியை 1926இல் வெளியிட்டார். ஆங்கிலக் கவிஞரை 'ஆங்கிலவாணி'யிற் தமிழருக்கு அறிமுகஞ் செய்தார். யாழ் நூலில் பௌதிக அறிவையும் பழந்தமிழ் நூல்களையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்தார். பிறமொழி அவர் கையில் ஆக்கத்திற்குரிய கருவியாயிற்று. ஆண்டுதோறும் யூலை மாதத்தில் அவருடைய நினைவு தினத்தன்று எமது மேடைகளில் அவரைப் போற்றும் பெரியோர், மறுநாட் காலையில் மாதிரிக் கட்டுரையைக் கரும்பலகையில் எழுதப் போய்விடுகின்றனர். சிலைக்கு மாலையிடுவது எளிது. அவர் செய்த வேலையைச் செய்யப் பிள்ளைக்கு இடங்கொடுப்பது கடினம் போலும்.

விபுலாநந்தரை விடுவோம், அவர் மேதை. இந்தக் கரையோரத்துச் சாதாரண மக்களையே பாருங்கள். கதிரை, மேசை, வாங்கு, அலுமாரி, சப்பாத்து, குசினி, பாண் ஆகிய சொற்களெல்லாம் போர்த்துக்கேயர் வாயிலிருந்து எம் வீட்டுக்குள் வந்தவை. கந்தோரும் கக்கூசும் ஒல்லாந்தர் விட்டுச் சென்றவை. எந்த இலக்கண வகுப்பில் இவற்றை எம் மூதாட்டியர் கற்றனர்? காதிற் கேட்டதைத் தம் நாவுக்கு ஏற்ப வளைத்து, உகரஞ் சேர்த்து, வேற்றுமையுருபு பூட்டி, குசினிக்குள் வேலை வாங்கினர். யாரும் சிவப்பு மையைக் கொண்டு அவர்களைத் துரத்தவில்லை. அதனினும் வியப்பானது எங்கள் பறங்கியர் கதை. போர்த்துக்கேயர் மட்டக்களப்பைப் பறிகொடுத்தது 1638இல். ஆயினும் அவர்களது மொழியின் ஒரு கலப்பு வடிவம், பாடநூலும் பரீட்சையும் பண்டிதரும் இன்றி, இந்நகரத்துப் பறங்கியர் சிலரது வீடுகளில் இன்றளவும் பேசப்படுகின்றது. தச்சுப்பட்டறையிலும் கொல்லன் உலையிலும் உழைத்த அம்மக்கள் அதிற் பாடினர், ஆடினர், சண்டையிட்டனர், கலியாணம் பேசினர். ஆகையால் அது வாழ்ந்தது. லிஸ்பனின் இலக்கணத்தை நிறைவாகக் கற்ற பின்னரே பாடலாம் என்று அவர்களிடம் எவரேனும் கட்டளையிட்டிருந்தால், 1639இலேயே அது மாண்டிருக்கும்.

இனி, இலக்கணம் முதலா, ஆக்கம் முதலா என்னும் வினாவுக்கு வருவோம். இலக்கணம் வேண்டாமென்று நான் கூறவில்லை. இலக்கணத்தை வெறுக்கும் தமிழாசிரியன் பிழைப்பது எங்ஙனம்? ஆனால் வீச்சுவலையைத் தோளிற் போட்டு, கரையில் நிற்க வைத்து, ஒன்பது ஆண்டுகள் வலையின் கண்களை எண்ணக் கற்பிக்கும் தகப்பனை இந்த வாவியோரத்தில் நான் கண்டதில்லை. மகன் தோணியிலேறி வீசுகிறான், வலை சுருண்டு விழுகிறது, தகப்பன் ஏசுகிறான், கையைத் திருத்துகிறான், மீண்டும் வீசுகிறான். திருத்தம் வேலைக்குள் நிகழ்கின்றது.

ஒரு மாணவன் எழுதிய இரண்டு வரிகளை ஈண்டு எடுத்துக்காட்டுகிறேன். ஆங்கிலத்தில் அவன் எழுதியது: "நைட் ஃபாதர் கோ லகூன். லகூன் நோ ஸ்லீப்." இரவில் அப்பா வாவிக்குப் போகிறார், வாவி உறங்குவதில்லை என்பது கருத்து. முதல் வசனம் திருத்தப்பட்டிருந்தது, அது நன்று. இரண்டாவது வசனம் குறுக்காக வெட்டப்பட்டிருந்தது. வாவி உறங்குமா என்ற கேள்விக்குறியும் பக்கத்தில் இருந்தது. முப்பது கொப்பிகளைப் பார்த்தால் அந்த வகுப்பில் அந்த ஒரு வசனந்தான் எங்கிருந்தும் பிரதி செய்யப்படாதது. வினைச்சொல்லின் வடிவம் அவனிடம் இல்லை. ஆனால் இரவு முழுவதும் தகப்பன் நீரில் நிற்க வீட்டில் விழித்திருந்தவனின் அறிவு அதில் இருக்கிறது. அந்த வசனத்தை வைத்துக்கொண்டு வினைச்சொல்லைக் கற்பித்திருந்தால் அவன் வாழ்நாளில் மறந்திருப்பானா? இலக்கணங் கற்பிக்கக் கிடைத்த மிகச் சிறந்த வாய்ப்பையே இலக்கணத்தின் பெயரால் வெட்டியெறிந்தோம்.

இது கிராமத்து வாத்தியாரின் மனக்கோட்டை என்று எண்ண வேண்டாம். முதலாம் உலகப் போரில் நுரையீரலிற் காயம்பட்டு, நீண்ட நேரம் உரத்துப் பேச இயலாதவராய்த் திரும்பிய செலஸ்தென் ஃபிரெனே என்னும் ஆசிரியர், 1920களில் தென் பிரான்சின் ஒரு மலைக்கிராமப் பள்ளிக்கூடத்தில் ஒரு சிறு அச்சு யந்திரத்தை வாங்கி வைத்தார். பிள்ளைகள் தம் வயல், தம் ஆடு, தம் தெருவைப் பற்றி எழுதினர். வகுப்பார் கூடித் திருத்தினர். தாமே எழுத்துக் கோத்து அச்சிட்டனர். வேறு ஊர்ப் பள்ளிக்கு அனுப்பிப் பதில் பெற்றனர். அச்சேறுமுன் திருத்த வேண்டுமென்ற அவசியத்தைப் பிள்ளையே உணர்ந்தது. ஏனெனில் வாசிக்க ஒருவர் காத்திருந்தார். நியூசிலாந்தில் மாவோரிச் சிறுவருக்கு ஆங்கில வாசிப்புக் கற்பித்த சில்வியா ஆஷ்டன்-வோர்னர், இங்கிலாந்துப் பாணி வாசிப்பு நூல்களை ஒதுக்கிவைத்துவிட்டு, ஒவ்வொரு காலையும் ஒவ்வொரு பிள்ளையிடமும் இன்று உனக்கு என்ன சொல் வேண்டும் என்று கேட்டார். பேய், முத்தம் என அச்சத்தையும் அன்பையும் தொட்ட சொற்களைப் பிள்ளைகள் கேட்டனர். அவற்றை அட்டையில் எழுதிக் கொடுத்தார். அச்சொற்கள் ஒரே பார்வையிற் பதிந்தன. புத்தகத்துச் சொற்கள் மாதக் கணக்கிலும் பதியவில்லை. 1963இல் அவர் வெளியிட்ட 'ஆசிரியை' என்ற நூலில் இவ்வனுபவம் விரிவாக உள்ளது. எமது ஆசிரிய கலாசாலைகளில் இந்நூல்களின் பெயர்கள் பரீட்சைக் குறிப்புகளாக மனனஞ் செய்யப்படலாம். வகுப்பறையில் அவற்றைக் காணோம்.

மனனத்தை நான் முழுதாக நிராகரிப்பவனும் அல்லன். எங்கள் கூத்துக் களரியில் அண்ணாவியார் சட்டங் கொடுக்கிறார். எழுதப் படிக்கத் தெரியாத இளைஞனும் நூற்றுக்கணக்கான வரிகளை நெட்டுருப் பண்ணுகிறான். ஆனால் தாளம் பற்றிய விரிவுரை முடிந்த பிறகு ஆடலாம் என்று அண்ணாவியார் சொல்வதில்லை. முதல் நாளிலிருந்தே அவன் ஆடுகிறான். சதங்கை அணிந்து ஊரார் முன் நிற்கும்போது மனனஞ் செய்த வரி அவனுடைய குரலாகி, அவனுடைய வீரமாகி, அவனுடைய ஒப்பாரியாகி வருகின்றது. கூத்திலே நெட்டுரு படியாக இருக்கிறது. மாதிரிக் கட்டுரையில் நெட்டுருவே முடிவாகிவிடுகிறது. வடமோடியிலும் தென்மோடியிலும் இத்துணை மொழித்திறன் காட்டும் ஊரின் பிள்ளையை, சூடடிக்கும் களத்தில் நெல்லைப் 'பொலி' என்று வேறு பெயரிட்டு மொழியோடு விளையாடும் குடியானவனின் பிள்ளையை, கற்பனையற்ற மக்கு என்று ஆங்கில வகுப்பு முத்திரை குத்துவதைப் பொறுத்துக்கொள்ள இயலவில்லை.

எமது முற்போக்கு நண்பர்கள் சிலரோடும் எனக்கு வழக்குண்டு. ஆங்கிலம் ஏகாதிபத்தியத்தின் மொழி. ஏழைப் பிள்ளைக்கு அது எதற்கு என்கின்றனர். தென்னிலங்கைப் பல்கலைக்கழக மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்று, அதாவது வாள் என்று அழைத்தனர். பொருத்தமான பெயர். வாள் ஒருவன் கையில் மாத்திரம் இருக்கும்வரை அது அச்சுறுத்தும். 1945இல் இலவசக் கல்வி வந்தது; பின்னர் தாய்மொழிக் கல்வி வந்தது; இரண்டும் மக்கள் பெற்ற வெற்றிகள், அவற்றை விட்டுக்கொடுக்க முடியாது. 1956இன் மொழிச்சட்டம் எமக்கு இழைத்த அநீதியையும் மறக்க முடியாது. ஆனால் சுயபாஷை மேடைகளில் முழங்கிய பிரமுகர் பலர் தம் பிள்ளைகளுக்கு அந்த வாளைப் பத்திரமாகக் கொடுத்து வைத்தனர் என்பதும் நாடறிந்த செய்தி. தாய்மொழியிற் கற்கும் பிள்ளைக்கு ஆங்கிலத்தையும் உயிருள்ள மொழியாகக் கொடு என்று கேட்பதே முற்போக்கு. தாய்மொழி வழியாகவே அதனைக் கொடுக்கலாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். வகுப்பிற் தமிழ் பேசினால் தண்டம் என்ற பழைய மிஷன் பள்ளி மனப்பான்மை இன்னும் சிலரிடம் உண்டு. கென்யாவில் தாய்மொழி பேசிய மாணவர் கழுத்தில் அவமானத் தகடு தொங்கவிடப்பட்டதை கூகி வா தியாங்கோ 1986இல் எழுதினார். தமிழிற் சிந்தித்து, தமிழிற் கூடிப் பேசி, பிறகு ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைக்கு எழுத ஏதோ ஒன்று இருக்கும்.

2009இல் "எமது வழியில் ஆங்கிலம்" என்று அரசாங்கமே ஓர் இயக்கத்தைத் தொடங்கிற்று. உச்சரிப்புக்கு வெட்கப்பட வேண்டாம் என்ற அதன் செய்தி நல்லதே. சுவரொட்டி வந்தது, வினாத்தாளும் வினாவிடைப் புத்தகமும் இருந்தபடியே இருந்தன. 2004 ஆழிப்பேரலைக்குப் பின்னரும் போருக்குப் பின்னரும் தொண்டு நிறுவனங்கள் வர்ணப் பென்சில்களோடு வந்து மூன்று நாள் 'படைப்பாற்றல்' பட்டறை நடத்திப் படம் பிடித்துக்கொண்டு போயின. அவற்றாலும் நிலைமை மாறவில்லை. நான்காம் நாள் பிள்ளை மீண்டும் கரும்பலகையின் முன் அமர்ந்தது. தனியார் வகுப்புக்காரரைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பாடசாலை பொய்யை இலவசமாகக் கொடுக்கின்றது, அவர்கள் அதையே மாதக் கட்டணத்துக்குக் கொடுக்கின்றனர்.

பரீட்சை இருக்கிறதே என்பர். இருக்கிறது. ஆனால் க.பொ.த. சாதாரண தர ஆங்கில வினாத்தாள் பிள்ளையைக் கடிதம், கட்டுரை போன்றவற்றையும் எழுதச் சொல்கின்றது. அதனைத் தன் சொற்களில் எழுதப் பழகியவன், நெட்டுருச் செய்த தலைப்பு வராதபோது திகைத்து நிற்கமாட்டான். வாரத்தில் ஒரே ஒரு பாடவேளையைப் புள்ளியிடாத எழுத்துக்கு ஒதுக்கலாம். கையெழுத்துச் சஞ்சிகை நடத்துவது ஈழத்துப் பாடசாலைகளின் பழைய வழக்கம். அதில் நான்கு பக்கம் ஆங்கிலத்துக்குக் கொடுக்கலாம். படுவான்கரைப் பாடசாலையொன்றும் காத்தான்குடிப் பாடசாலையொன்றும் பொலன்னறுவையில் ஒரு சிங்களப் பாடசாலையும் மாதமொரு கட்டுக் கடிதத்தைத் தமக்குள் மாற்றிக்கொள்ளலாம். 1987இல் அரசியலமைப்புத் திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டப் புத்தகத்தில் உறங்கும் அந்த இணைப்பை, ஐந்து ரூபா உறையில் இட்டு அனுப்ப முடியாவிட்டாலும் இன்றைய தபாற் செலவிலாவது அனுப்பிப் பார்க்கலாமே.

இவற்றுக்குப் பட்டறைகளோ வெளிநாட்டு நிபுணர்களோ தேவையில்லை. வேண்டியவை வேறு. மட்டக்களப்பு மேற்கு, பட்டிருப்பு, கல்குடா ஆகிய வலயங்களின் பின்தங்கிய பாடசாலைகளுக்கு ஆங்கில ஆசிரியர் நியமிக்கப்பட வேண்டும். நியமனம் பெற்றவர் மூன்று மாதத்தில் செல்வாக்கைப் பிடித்து நகரத்துக்குத் திரும்பாதபடி தடுக்கப்பட வேண்டும். சென்று கற்பிப்பவருக்கு விடுதியும் பயணப்படியும் வழங்கப்பட வேண்டும். கட்டுரைக்குப் புள்ளியிடும்போது பிள்ளை தன் வாழ்விலிருந்து கூறிய உள்ளடக்கத்துக்கென ஒரு பங்கு ஒதுக்கப்பட்டு, அது பாடசாலைகளுக்கு எழுத்தில் அறிவிக்கப்பட வேண்டும். எமது ஆசிரிய சங்கங்கள் சம்பளத்துக்காக வீதிக்கு வருகின்றன; அது நியாயம். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இவ்விரண்டையும் சேர்ப்பதற்கு அவற்றுக்குத் தடையாயிருப்பது யாது? ஆண்டிறுதியில் இடமாற்றப் பட்டியல் வெளிவரும். வெல்லாவெளிக்கும் கரடியனாற்றுக்கும் நேரே எத்தனை ஆங்கில ஆசிரியரின் பெயர்கள் இருக்கின்றன என்று எண்ணிப் பார்ப்போம். அவர்களுள் எத்தனை பேர் இரண்டாந் தவணையிலும் அங்கே இருக்கிறார்கள் என்பதையும் எண்ணுவோம்.